பொதுப் பட்டியலில் ஒரு கல்யாணம்

"விடுமுறை திங்கட்கிழமைக்குப் பதிலாகச் செவ்வாய்க்கிழமை." சுற்றறிக்கையில் இருந்தது இந்த ஒரு வரிதான். பக்கீர் முகமது அதை நாலு தடவை படித்துவிட்டார். நாலாவது தடவையும் அது செவ்வாய்க்கிழமையாகவே இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் ஆபீஸில் மற்றவர்களெல்லாம் அதில் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பக்கீர் மட்டும் பேனாவைப் பிடித்தபடி வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாய், மீலாது நபி ஒங்க பண்டிகை. ஒருநா தள்ளிப்போகுதுன்னா நீங்கல்லா எங்களுக்குச் சொல்லணும்?" என்றார் தபால்காரர் பால்சாமி.

"பிறைய மறந்துட்டேன் பால்சாமி."

உண்மையாகவே மறந்துதான் போயிருந்தார். முப்பது வருஷ சர்க்கார் உத்தியோகத்தில் மனிதர் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வருஷ ஆரம்பத்தில் அச்சடித்து வருகிற விடுமுறைப் பட்டியலைப் பார்க்கப் பழகிவிட்டார். மத்திய அரசுப் பட்டியலில் மீலாது நபி திங்கட்கிழமை என்று இருந்தது. மாநில அரசுப் பட்டியலில் செவ்வாய்க்கிழமை. பிறை பார்த்துச் செவ்வாய்தான் என்று காஜி அறிவித்துவிட்டார். மத்திய அரசும் மறுபேச்சில்லாமல் தன் லீவைத் தூக்கிச் செவ்வாயில் வைத்துவிட்டது.

ஊருக்கெல்லாம் அது ஒற்றுமை. பக்கீரின் தலையில் மட்டும் இடி.

காரணம் அவருடைய மனைவி சௌதா. ராஜபாளையம் தாலுகா ஆபீஸில் அவளுக்கு வேலை. அதாவது மாநில அரசு. அவர்கள் குடியிருக்கும் ராஜபாளையம் தெருவில் இருவருக்கும் 'மத்தியம்', 'மாநிலம்' என்றுதான் பெயர். தெருவில் பெயர் வைத்தவர்கள் தப்பாக வைக்கவில்லை. ஃபேன் மூன்றில் ஓடணுமா நாலில் ஓடணுமா என்பதில்கூட அந்த வீட்டில் இரண்டு சர்க்காருக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

போன வருஷம் மகள் சப்ரீனைப் பெண் பார்க்க வந்தவர்கள், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மத்திய அரசு மருத்துவ வசதி ஒசத்தியா, மாநில அரசுக் காப்பீடு ஒசத்தியா என்று பெண்ணின் அத்தாவும் அம்மாவும் முக்கால் மணி நேரம் வாதாடியதை அவர்களால் தாங்க முடியவில்லை.

சப்ரீன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பெண். எதிர்வீட்டு நாகஜோதியின் ஜெராக்ஸ் கடையே கதி என்று கிடந்து, பழைய வினாத்தாள்களை அடித்து எடுத்துவருவாள். ஒருநாள் அங்கிருந்து ஒரு தாளோடு வந்தாள்.

"அரசியல் சட்டத்துல ஏழாவது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, அத்தா. யாருக்கு எதுல அதிகாரம்னு மூணு பட்டியல். ரயில், தபாலு, ராணுவம்லாம் மத்தியப் பட்டியல். போலீஸு, தண்ணி, நிலமெல்லாம் மாநிலப் பட்டியல். ரெண்டு பேருக்கும் சேத்து இருக்கது பொதுப் பட்டியல். இனிமே நம்ம வீட்டுக்கும் இதான் சட்டம்."

அதன்படி ஹால், டி.வி., ஸ்கூட்டர், வெளியூர்ச் சொந்தக்காரர்களோடு பேச்சுவார்த்தை எல்லாம் பக்கீருக்கு. அடுப்படி, மாடி, தண்ணீர், சட்டம் ஒழுங்கு எல்லாம் சௌதாவுக்கு. பக்கீருக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.

"மீன் யாருக்குத்தா?"

"மீன் மாநிலப் பட்டியல். ஆனா கரையிலருந்து பன்னெண்டு கடல் மைலுக்கு அப்பால போய்ப் பிடிச்சா மத்தியம்."

"நெசமாவா சொல்லுதே? மீனுக்குத் தெரியுமா அது?" என்று வியந்தவர், "நம்ம வீட்டுல எப்படி?" என்றார்.

"சட்டிக்குள்ள இருக்க வரைக்கும் அம்மாவுக்கு. ஒங்க தட்டுக்கு வந்த பொறவு ஒங்களுக்கு."

"தலை யாருக்கு?"

"அது சட்டியில இருக்கும்போதே முடிவாயிரும்," என்றாள் சௌதா.

பக்கீர் தொண்டையைச் செருமிக்கொண்டு முக்கியமான கேள்விக்கு வந்தார். "ஒன் கல்யாணம்?"

"பொதுப் பட்டியல். நெசமான சட்டத்துலயும் கல்யாணம் அங்கதான் இருக்கு, அஞ்சாவதா."

"ரெண்டு பேரும் வேற வேற சொன்னா?"

"பொதுவா மத்தியம் சொல்றதுதான் நிக்கும்."

பக்கீர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா ஜனாதிபதி ஒப்புதல் குடுத்துட்டா மாநிலம் சொல்றதும் நிக்கும்."

"நம்ம வீட்டுல ஜனாதிபதி யாருட்டி?" என்று கேட்டாள் சௌதா.

சப்ரீன் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுத் திரும்பினாள். "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு ஒரே ஒரு மாப்ளையச் சொல்லுங்க, நான் தலையாட்டுறேன். வர்றவுக முன்னாடி இன்னொரு தடவ சண்ட போட்டீய, இந்த வீட்டுல கல்யாணப் பேச்சே கெடையாது. டெல்லிக்குப் படிக்கப் போயிருவேன்."

சொன்னால் செய்கிற பெண். பக்கீருக்கு ஒரே மகள். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் மத்தியமும் மாநிலமும் மட்டும் மிச்சம் இருக்கும் என்று நினைத்தாலே அவருக்குப் பகீரென்றது.

இது நடந்து பத்து நாளில் அவருடைய ஆபீஸ் முகவரிக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே ஒரு பயோடேட்டா. பையன் பெயர் ஷமீர், விருதுநகர், ரயில்வேயில் நியமன ஆணை கையில், தந்தை சம்சுதீனும் ரயில்வே. அடுத்த தலைமுறைக்கும் மத்திய சர்க்கார்! பக்கீர் உடனே அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் பாய்," என்றார் சம்சுதீன். "ஒங்க பொண்ணு பயோடேட்டா எனக்கும் வந்துச்சு."

தரகர் கெட்டிக்காரர் என்று இருவரும் சந்தோஷப்பட்டார்கள். எந்தத் தரகர் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. நல்ல காரியம் நடக்கும்போது அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

சௌதாவிடம் சொன்னால் ரயில்வே என்ற வார்த்தையிலேயே சண்டை தொடங்கிவிடும். அப்போதுதான் விடுமுறைப் பட்டியல் பக்கீரின் கண்ணில் பட்டது. திங்கட்கிழமை தனக்கு லீவு, அவளுக்கு ஆபீஸ். அன்றைக்கே மாப்பிள்ளை வீட்டாரை வரவழைத்து, சப்ரீனைப் பார்க்க வைத்து, சாயங்காலம் சௌதா வீட்டுக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்க வேண்டும். "மீலாது லீவு அன்னைக்கு வந்துருங்க பாய்," என்று சம்சுதீனிடம் சொன்னார். சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்குள் தேதி சொல்கிற வழக்கம் கிடையாது. லீவு என்றால் போதும்.

இப்போது அந்த லீவு நடந்துபோய்ச் சௌதாவின் லீவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

பக்கீர் போனை எடுத்துக்கொண்டு தபால் ஆபீஸின் பின்பக்கம் போனார். "பாய், திங்கக்கிழமையே வந்துருங்களேன்."

"அன்னைக்கு டூட்டி பாய். லீவு அன்னைக்குன்னுதான சொன்னீய? லீவு எங்க போகுதோ நாங்களும் அங்கதான் வருவோம்."

சரி, நாளை மாற்ற முடியாது. அப்படியென்றால் சௌதாவை இடம் மாற்ற வேண்டும். அன்று ராத்திரி தோசைக்கு முன்னால் உட்கார்ந்து பக்கீர் ஆரம்பித்தார்.

"செவ்வாக்கிழமை லீவுல்லா? ஆலங்குளத்துல ஒங்க அக்காளப் பாத்து எம்புட்டு நாளாச்சு! போயிட்டு வாயேன்."

அக்கா வீடு என்றாலே முகத்தைச் சுளிக்கிற மனிதர் இப்படிச் சொன்னால் எந்த மனைவிக்கும் சந்தேகம் வரும். சௌதாவுக்கு வரவில்லை.

"நானே கேக்கணும்னு இருந்தேன். காலையில போயிட்டுப் பொழுது சாய வாரேன். நீங்க மட்டும் வீட்டுல கெடந்து என்ன செய்யப் போறீய? பால்சாமி அண்ணனோட செண்பகத்தோப்பு வரைக்கும் போயிட்டு வாங்க. அணிலப் பாக்கலாம்."

"அணிலா?"

"சாம்பல் அணிலுங்க. எங்கெருந்தெல்லாமோ வந்து பாத்துட்டுப் போறாக."

முப்பது வருஷமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை பார்த்தும் பக்கீர் ஒரு நாளும் அணில் பார்க்க ஆசைப்பட்டதில்லை. "ஆமா, பாத்துர வேண்டியதுதான்," என்றார். காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்தது ஏன் என்று அவருக்குள் ஒரு சின்ன ஆச்சரியம் எட்டிப் பார்த்தது. தோசை ஆறிக்கொண்டிருந்ததால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். சப்ரீன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு சர்க்காரும் ஆளுக்கொரு பையோடு கிளம்பின. பக்கீரின் திட்டம் சுருக்கமானது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நல்ல பால்கோவாவாகப் பார்த்து ஒரு கிலோ வாங்கிக்கொண்டு, பத்து மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டாருக்கு ராஜபாளையத்திலேயே இனிப்பு கிடைக்காமல் இல்லை. ஆனாலும் மகள் விஷயம் அல்லவா?

கடையில் பண்டிகைக் கூட்டம். வரிசையில் நின்றவருக்கு முன்னால் இருந்த அம்மாள் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு திரும்பினாள். கையில் ஒரு கிலோ பால்கோவா.

"சௌதா?"

"நீங்களா?"

"ஆலங்குளம் கெழக்கால்லா இருக்கு?" என்றார் பக்கீர்.

"அக்காளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவான்னா உசுரு. அதான் வாங்கிட்டுப் போவமேன்னு. ஆமா, அணில் பாக்கப் போறவுகளுக்குப் பால்கோவா எதுக்கு?"

"பால்சாமிக்கு."

"அவருக்குச் சக்கரை வியாதில்லா?"

"அணிலுக்குத்தான்," என்றார் பக்கீர். அந்த நேரத்தில் அவருக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

சௌதா அதை நம்புவதா என்று யோசிப்பதற்குள் அவர் போன் அடித்தது. "ரயில் ஏறியாச்சு பாய்!" என்றது சம்சுதீனின் குரல், கடை முழுக்கக் கேட்கும்படி. "ராங் நம்பர்," என்று சொல்லி வைத்தார். உடனே சௌதாவின் போன் அடித்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். "பஸ் ஏறியாச்சா? சரிக்கா, சரிக்கா."

"யாரு?"

"எங்க அக்காதான். நம்ம வீட்டுக்கே வாராளாம். நான் திரும்பி வீட்டுக்குத்தான் போகணும்."

பக்கீர் அவசரமாகப் பால்கோவாவுக்குப் பணத்தை நீட்டினார். "நானும் வீட்டுக்குத்தான். பால்சாமிக்கு மேலுக்கு முடியலையாம்."

"எப்பச் சொன்னாரு?"

"நேத்தே லேசா இருமினாரு."

இருவரும் ஒரே டவுன் பஸ்ஸில் திரும்பினார்கள். சௌதாவுக்கு மாநில அரசின் இலவசப் பயணம். பக்கீர் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார். சாதாரண நாளாக இருந்தால் சௌதா அதை ஒரு தடவையாவது சொல்லிக் காட்டியிருப்பாள். இன்றைக்கு வன்னியம்பட்டி தாண்டியும் அவள் வாயைத் திறக்கவில்லை. அது பக்கீரை இன்னும் கலவரப்படுத்தியது.

வீட்டில் சப்ரீன் புதுச் சுடிதாரில் இருந்தாள். அடுப்பில் பெரிய பாத்திரத்தில் பால் காய்ந்துகொண்டிருந்தது. தட்டில் எட்டு டம்ளர்கள். பண்டிகை நாளாச்சே என்று பக்கீர் நினைத்துக்கொண்டார். சௌதா முகம் கழுவப் போன நேரத்தில் மகளை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போனார்.

"ஒங்க அத்தா ஒரு தப்புப் பண்ணிட்டேம்மா. ஒங்க அம்மாகிட்டச் சொல்லாம ஒரு மாப்ளைய வரச் சொல்லிட்டேன். செத்த நேரத்துல வந்துருவாக. அவ இப்ப வீட்டுல இருக்கா. சண்ட வந்தா நீ டெல்லிக்குப் போயிருவியேன்னுதான்..."

"சரித்தா. ஹால் மத்தியப் பட்டியல்தான? அங்க உக்கார வைங்க," என்றாள் சப்ரீன், சாப்பாடு பரிமாறச் சொல்வது போல.

கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் அம்மாவும் மகளும் குசுகுசுவென்று பேசுவது கேட்டது. பிறகு சௌதா ஒரு பாயையும் இரண்டு தலையணையையும் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

"எதுக்கு அது?"

"அக்காளுக்கு மாடிக் காத்துதான் ஒத்துக்கிடும்."

மாடிக்குப் போகிற படி ஹாலுக்குள்தான் இருந்தது. அதை வீடு கட்டும்போதே யாராவது யோசித்திருக்கலாம்.

பதினொன்றரைக்கு சம்சுதீனும் அவர் தம்பியும் பையனும் வந்துவிட்டார்கள். ஷமீர் ஒல்லியாக, லட்சணமாக இருந்தான். உட்கார்ந்ததும் தலையைத் தூக்கி ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தவன் பார்த்துக்கொண்டே இருந்தான். சலாம் சொல்லி முடிப்பதற்குள் சௌதா மாடியிலிருந்து இறங்கிவந்தாள்.

"இவிய யாரு?"

"தபால் ஆபீஸ் விஷயமா..." என்று பக்கீர் இழுத்தார்.

"பொண்ணு பாக்க வந்திருக்கோம்மா," என்றார் சம்சுதீன், மலர்ந்த முகத்தோடு.

சௌதா சிரித்தாள். அந்தச் சிரிப்பு பக்கீருக்குத் தெரியும். அடுத்த நிமிஷம் அவர் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னையக் கேக்காமப் பொதுப் பட்டியல்ல கைய வச்சிட்டீயளா?"

"சத்தம் போடாத. பிள்ள டெல்லிக்குப் போயிரும்."

சௌதா சட்டென்று வாயை மூடினாள். அவளுக்கும் அதே பயம்தான். பிறகு அவள் முகம் மாறியது. முந்தானையைத் திருகிக்கொண்டே, "நானும் ஒண்ணு சொல்லணும்ங்க," என்றாள். "எனக்கும் ஆபீஸ் தபால்ல ஒரு பயோடேட்டா வந்துச்சு. பையனுக்குத் தாலுகா ஆபீஸ்ல ஆர்டர் வந்திருக்கு. அவங்க அம்மா சர்க்கார் பள்ளிக்கூடத்து டீச்சர். செவ்வாக்கிழமை நீங்க ஆபீஸ்ல இருப்பீயன்னு... மீலாது லீவு அன்னைக்கு வாங்கக்கான்னு சொல்லிட்டேன். அவியதான் பஸ்ல வாராக. பையனும் நேரா வந்துருவானாம்."

பக்கீர் அரிசி டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு மாப்பிள்ளை. தெரு சிரிக்கும். மகள் டெல்லி போவாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு சர்க்காரும் ஒரே விஷயத்துக்காக ஒன்றாகப் பயந்தன.

"நீ வாசல்லயே மறிச்சு மாடிக்குக் கூட்டிட்டுப் போயிரு," என்றார். "நான் இவிய முன்னாடி கொஞ்சம் மறைச்சு நிக்கேன்."

அழைப்பு மணி அடித்தது. சௌதா ஓடினாள். பக்கீர் ஹாலுக்குப் போய், சம்சுதீனுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்று, "இந்த ஹாலுக்குக் காத்து எம்புட்டு நல்லா வருது பாத்தீயளா?" என்றார். அவர் கைக்கு அடியில் குனிந்து சம்சுதீன் வாசலைப் பார்த்தார். பார்த்தவர் பதறி எழுந்தார்.

"ரமீஜா! நீ எங்க இங்க?"

வாசலில் தன் அண்ணனோடு நின்ற டீச்சரம்மாள் பையைத் தவறவிட்டாள். "நீங்க சங்க மீட்டிங்குன்னுல்லா சொன்னீய?"

"நீ பரிச்சப் பேப்பர் திருத்தப் போறேன்னுல்லா சொன்ன?"

"நான் பொண்ணு பாக்க வந்தேன். ஒங்ககிட்டச் சொன்னா மாநில சர்க்கார் வீடு வேண்டாம்பீய."

"நானும் பொண்ணு பாக்கத்தான் வந்தேன். ஒங்கிட்டச் சொன்னா மத்திய சர்க்கார் வீடு வேண்டாம்ப."

பக்கீர் சௌதாவைப் பார்த்தார். சௌதா பக்கீரைப் பார்த்தாள். பிறகு இருவரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்த ஷமீரைப் பார்த்தார்கள்.

"ஒரே பையனா?" என்றாள் சௌதா.

"ரயில்வே ஆர்டர்னீயளே பாய்?" என்றார் பக்கீர்.

"தாலுகா ஆபீஸ் ஆர்டர்னீயளே அக்கா?"

"ரெண்டும் வந்திருக்கு மாமா," என்று ஷமீர் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "எதுல சேர்றதுன்னுதான் எங்க வீட்டுல இன்னும் முடிவாகல."

அது ஏன் முடிவாகவில்லை என்று அந்த ஹாலில் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பக்கீருக்குக் கண் நிறைந்துவிட்டது. "சௌதா, நாம ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிக்கிடல. ஆனா ஒரே பையனச் சொல்லியிருக்கோம். இத்தன வருஷத்துல நமக்கு இப்படி ஒண்ணு அமைஞ்சிருக்கா? இது அல்லா போட்ட முடிச்சு."

"சத்தியமாங்க," என்று சௌதாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மனுசன் நெனச்சா இப்படி நடக்குமா?"

சம்சுதீன் பக்கீரைக் கட்டிப்பிடித்தார். ரமீஜா சௌதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கிலோ பால்கோவாவும் பிரிக்கப்பட்டன. சப்ரீன் எட்டு டம்ளர் டீயோடு வந்தாள். எண்ணிப் பார்த்ததுபோல ஆளுக்கு ஒன்று சரியாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு பேருக்கும் சம்மதம்னா எனக்கும் சம்மதந்தான்," என்றாள். இப்படி அடக்கமான பெண்ணைப் பெற்றதற்காகப் பக்கீர் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டார்.

அந்த நேரத்தில் ஜெராக்ஸ் கடை நாகஜோதி ஒரு கத்தைத் தாளை ஆட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டி சப்ரீன், இன்னைக்கு லீவுன்னு மிஷினத் தொறந்து தொடச்சேன், போன மாசம் ஒங்க அத்தாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு, அந்த விருதுநகர்ப் பையன் வீட்டுல ரெண்டு பேருக்கும் ஒண்ணொண்ணுன்னு நாலு பயோடேட்டா நீயே ஒக்காந்து அடிச்சியே, ஒரிஜினல் அம்புட்டும் உள்ளேயே கெடக்குட்டி!"